வடசென்னையில் டபுள் பெட்ரூம் வீடு வாடகைக்கு எடுப்பது எப்படி: தெருவில் தொடங்கிச் சாவி வரை

வடசென்னை என்றாலே வாடகை குறைவு என்ற எண்ணம் தென்சென்னையில் இருப்பவர்களிடம் இன்னும் இருக்கிறது. பெரம்பூரிலோ, கொளத்தூரிலோ, மாதவரத்திலோ கடந்த சில ஆண்டுகளில் வீடு தேடியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பெரம்பூரில் பின்னி மில் இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. மாதவரம் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018இல் அங்கே ஆந்திரம் செல்லும் பேருந்துகளுக்கான நிலையம் திறக்கப்பட்டது. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தின் மூன்றாம் வழித்தடமும் ஐந்தாம் வழித்தடமும் மாதவரம் பால் பண்ணையிலிருந்தே புறப்படும் வகையில் கட்டப்பட்டு வருகின்றன. இவையெல்லாம் சேர்ந்து, புறநகர் என்று ஒதுக்கப்பட்டிருந்த இப்பகுதியின் வாடகையை நகரின் நடுப்பகுதி வாடகைக்கு அருகில் கொண்டு வந்துவிட்டன.

இவ்வட்டாரத்தில் மூன்று முறை வீடு மாறியவன் என்ற முறையில், எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். பெரும்பாலானோர் வீட்டை முதலில் பார்க்கிறார்கள், பிடித்துப்போனபின் தண்ணீரை விசாரிக்கிறார்கள், அட்வான்ஸ் கொடுத்தபின் தெருவைக் கவனிக்கிறார்கள், குடிபோகும் நாளன்று ஒப்பந்தத்தைப் படிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. கணக்கு, தெரு, தண்ணீர், வீடு, பேரம், காகிதம் என்ற வரிசையில் போனால் அலைச்சலும் குறையும், பணமும் மிஞ்சும்.

முதற்படி: மாதச் செலவை முழுதாகக் கணக்கிடுதல்

வாடகைத் தொகையை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எடுத்துக்காட்டாக, கொளத்தூரில் லிப்ட் உள்ள ஒரு குடியிருப்பில் 22,000 ரூபாய் வாடகைக்கு ஒரு டபுள் பெட்ரூம் வீடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மெயின்டனன்ஸ் 2,500 ரூபாய். குடிக்கக் கேன் தண்ணீருக்கும், கோடையில் வாங்கும் லாரித் தண்ணீரில் நம் பங்குக்கும் சேர்த்து மாதம் சராசரியாக 1,000 ரூபாய். அட்வான்ஸாக 1,50,000 ரூபாய் கொடுத்தால், அது வங்கியில் 7 விழுக்காடு வட்டியில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மாதம் 875 ரூபாயை இழக்கிறோம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று அட்வான்ஸில் பிடிக்கப்படுவது இன்னொரு மாத வாடகை. இரண்டாண்டுகள் குடியிருப்பதாகக் கொண்டு இவ்விரண்டையும் பகிர்ந்தால் மாதம் ஏறத்தாழ 1,830 ரூபாய். ஆக, மின் கட்டணம் சேராமலேயே 22,000 ரூபாய் வீடு 28,200 ரூபாய் வீடாகிவிடுகிறது.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். 20,000 ரூபாய் வாடகையில் எட்டு மாத அட்வான்ஸும் தனி மீட்டர் இல்லாத மின்சாரமும் உள்ள வீட்டைவிட, 23,000 ரூபாய் வாடகையில் மூன்று மாத அட்வான்ஸும் மெட்ரோ தண்ணீரும் (குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர்) உள்ள வீடு மலிவாக முடிவதை நானே கண்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

பள்ளிகள் திறப்பதற்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில்தான் டபுள் பெட்ரூம் வீடுகளுக்கு அதிகப் போட்டி. குழந்தைகள் உள்ள குடும்பங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தேடுவதால், காலையில் பார்த்த வீடு மாலையில் இருக்காது. பேரம் பேசவும் இடமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் நிலைமை நேர்மாறு. பலரும் அம்மாதங்களில் குடிபோக மாட்டார்கள் என்பதால், ஆனி மாதம் காலியான வீடு ஆவணி வரை பூட்டிக் கிடக்கும். இரண்டு மாத வாடகையை இழக்க விரும்பாத உரிமையாளர் ஆடியில் பேச்சுக்கு இணங்கி வருவார். நமக்கு அந்த நம்பிக்கை இல்லையென்றால் உடனே குடிபோகலாம். அந்த நம்பிக்கை இருந்தாலும், ஆடியில் விலை பேசி எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆவணி முதல் வாரத்தில் பால் காய்ச்சலாம்.

வாடகைப் பேரத்துக்கு ஆடி என்றால், தெருவைச் சோதிக்க ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாள் நனைந்துகொண்டு நடந்தால், பத்துப் புரோக்கர்கள் சொல்லாததை அந்தத் தெருவே சொல்லிவிடும்.

மூன்றாம் படி: தெருவைப் படித்தல்

இவ்வழிகாட்டியில் நான் அதிக இடம் கொடுக்கப் போவது இதற்குத்தான். வீட்டில் உள்ள குறையைச் சரிசெய்யச் சொல்லலாம். தெருவில் உள்ள குறையோடு வாழத்தான் வேண்டும்.

ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் நடுவே வளர்ந்த நிலப்பரப்பு இது. புழல் ஏரி, ரெட்டேரி, மாதவரம் ஏரி ஆகியவை மேற்கிலும் வடக்கிலும் கிடக்கின்றன. ஓட்டேரி நல்லா எனும் ஓடை, தணிகாசலம் நகர் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் முதலியவை நீரைக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் இழுத்துச் செல்கின்றன. கடற்கரையை ஒட்டிய சமதளம் என்பதால் பெருமழையில் நீர் வடிவதற்கு நேரமாகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலிலும் கொளத்தூர், பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு, மணலி ஆகிய பகுதிகளின் பல தெருக்களில் நீர் நின்றது. ஆனால் பகுதியின் பெயரை வைத்து வீட்டை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரே நகரில் மூன்றாவது தெருவில் முழங்கால் நீரும் ஐந்தாவது தெருவில் ஈரச் சாலை மட்டுமேயும் இருந்ததுண்டு. எனவே தெருவாரியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

யாரிடம் விசாரிப்பது என்பதும் முக்கியம். உரிமையாளருக்கும் புரோக்கருக்கும் உண்மையைச் சொல்வதில் ஆதாயமில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தயக்கம் இருக்கும். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவருக்கு இந்த இரண்டும் கிடையாது. நான் கடைசியாக வீடு பார்த்தபோது, இரண்டு சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு, "அண்ணே, மிக்ஜாம் அப்போ இந்தத் தெரு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இங்க முட்டி வரைக்கும் சார். அந்தக் கோடியில பச்சை கேட் போட்டிருக்கு பாருங்க, அங்க இடுப்பு வரைக்கும். மூணு நாளு கரண்ட் இல்ல" என்றார். நான் பார்க்கப் போயிருந்தது அந்தப் பச்சை கேட் வீட்டின் தரைத்தளம். "மழைத் தண்ணி வாசலைத் தாண்டாது சார்" என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் புரோக்கர் சொல்லியிருந்தார்.

அதே கேள்வியைப் பால் பூத்திலும், ஆட்டோ ஸ்டாண்டிலும் கேட்கலாம். கேட்காமலும் சில தடயங்களைக் கண்ணால் காணலாம். தரைத்தள மின் மீட்டர் பெட்டி நெஞ்சுக்கு மேலே ஏற்றப்பட்டிருக்கிறதா, சுவிட்சு பிளக்குகள் முழங்கால் உயரத்திலிருந்து மேலே மாற்றப்பட்டதற்கான பூச்சுத் தழும்பு இருக்கிறதா, வாசலில் புதிதாக ஒரு படிக்கட்டும் சிறு தடுப்புச் சுவரும் கட்டப்பட்டிருக்கின்றனவா, மரக் கதவுகளின் அடிப்பகுதி மட்டும் உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தால் அதற்குக் காரணம் ஒன்று இருக்கும். தெருவைவிடச் சாலை உயர்ந்திருக்கிறதா, வீடு சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்பதும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை ஏறுகிறது, பழைய வீடுகள் இறங்குகின்றன.

அடுத்தது சுரங்கப்பாதை. பெரம்பூர், வியாசர்பாடி ஜீவா, கணேசபுரம் சுரங்கப்பாதைகள் பெருமழையில் மூடப்படுவது இப்பகுதியினருக்குப் பழகிய செய்தி. வேலைக்கும் பள்ளிக்கும் போகும் பாதை ஒரே ஒரு சுரங்கப்பாதையை நம்பியிருந்தால், அது மூடப்படும் நாளில் எவ்வழியே சுற்ற வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே ஒரு முறை வண்டியில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

காற்றையும் சோதிக்க வேண்டும். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கின் நாற்றமும் அவ்வப்போது எழும் புகையும், மணலித் தொழிற்சாலைகளின் வாடையும் எல்லா நேரத்திலும் தெரியாது. காற்று திரும்பும்போது தெரியும். கொடுங்கையூர், மூலக்கடை, மாதவரத்தின் கிழக்குப் பகுதி ஆகியவற்றில் வீடு பார்ப்பவர்கள் பகலில் ஒரு முறையும், இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு முறையும் போய் நிற்க வேண்டும். அந்த இரவு நேரத்திலேயே கன்டெய்னர் லாரிகளின் போக்கும் தெரிந்துவிடும். துறைமுகத்துக்கும் மணலிக்கும் போகும் லாரிகள் ஜி.என்.டி. (கிராண்ட் நார்தர்ன் டிரங்க்) சாலையிலும் உள்வட்டச் சாலையிலும் இரவில்தான் நெருக்கமாக ஓடுகின்றன. சாலைப் பக்கம் படுக்கையறை உள்ள வீட்டில் சன்னல் கண்ணாடி இரவெல்லாம் அதிரும்.

மெட்ரோவைப் பற்றி ஒரு சொல். "மூலக்கடை ஸ்டேஷன் நடந்துபோற தூரம் சார்" என்று சொல்லி வாடகையில் மூவாயிரம் ஏற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான பாதையில் 2021 பிப்ரவரி முதல் ரயில் ஓடுகிறது. அங்கே நிலையத்தின் அருகாமைக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு. ஓடாத ரயிலுக்கு வாடகையில் பங்கு கேட்பது எனக்குப் புரிவதில்லை. வேலை நடக்கும் இடங்களில் இன்று நமக்குக் கிடைப்பது தடுப்புத் தகரமும், சுற்றுப்பாதையும், தூசியும்தான். ஆகவே பேரத்தில் அவற்றையே காரணமாகக் காட்டி வாடகையைக் குறைக்கக் கேட்கலாம்.

நான்காம் படி: தண்ணீர்

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் 2010 முதல் இருப்பதால் வடசென்னைக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. ஆனால் வாரியத்தின் குழாய் தெருவில் இருப்பது வேறு, நம் குடியிருப்பின் சம்ப்புக்கு (தரைக்கடித் தொட்டிக்கு) இணைப்பு இருப்பது வேறு, அந்த நீர் நம் சமையலறைக் குழாய்க்கு வருவது வேறு. பல குடியிருப்புகளில் மெட்ரோ தண்ணீர் கீழே உள்ள அடிபம்பிலோ தனிக் குழாயிலோ மட்டும் வரும். மேலே தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். நான்காவது மாடியில் குடியிருப்பவர் நாள்தோறும் குடத்தோடு இறங்க வேண்டியிருக்கும். ஆகவே, "தண்ணீர் வருமா?" என்று கேட்காமல், "மெட்ரோ தண்ணீர் மேல் தொட்டிக்கு ஏறுகிறதா, எத்தனை நாளைக்கு ஒரு முறை, மோட்டார் போடுவது யார்?" என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

போர் தண்ணீரைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. வீடு பார்க்கப் போகும்போது ஒரு வெள்ளைப் பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூடி எடுத்து வந்து, மறுநாள் காலை வரை அசையாமல் வைக்க வேண்டும். இரும்புச் சத்து மிகுந்த தண்ணீரென்றால் பிடிக்கும்போது தெளிவாக இருந்தது காலையில் மஞ்சளித்து, அடியில் செம்பழுப்பாகப் படிந்திருக்கும். குளியலறையில் ஷவர் துளைகளிலும் குழாயின் கழுத்திலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்திருந்தால் அது உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாஷிங் மெஷினும் கெய்சரும் சீக்கிரம் பழுதாகும். கழிவறையின் வெள்ளைப் பீங்கானில் நீர் ஓடும் தடத்தில் காவிக் கோடு விழுந்திருந்தால் பாட்டில்கூடத் தேவையில்லை. புதிதாகத் துலக்கிய வீடாக இருந்தால், ஃபிளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே பாருங்கள். அதை யாரும் துலக்குவதில்லை.

ஐந்தாம் படி: வீட்டுக்குள்

டபுள் பெட்ரூம் என்பது அறைகளின் எண்ணிக்கையைச் சொல்கிறதே தவிர அளவைச் சொல்வதில்லை. 950 சதுர அடி என்று விளம்பரத்தில் இருப்பதில் மாடிப்படி, லிப்ட், தாழ்வாரம் ஆகியவற்றின் பங்கும் அடக்கம். கையில் அளவுநாடா எடுத்துச் சென்று, நம் கட்டிலும் பீரோவும் சின்ன படுக்கையறையில் போட்டபின் கதவு திறக்குமா என்று மட்டும் அளந்தால் போதும். ஃபிரிட்ஜ் வைக்கும் இடத்தில் பிளக் இருக்கிறதா, ஏ.சி.க்குத் தனி லைன் வந்திருக்கிறதா, துணி காயப்போட இடமுண்டா, மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கும் என்பனவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். கடைசி மாடி வீடென்றால் கூரையின் மூலைகளில் ஒழுகல் கறையைத் தேடுங்கள். சித்திரை வெயிலில் அந்த வீட்டுக்கு ஏ.சி. செலவு கூடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பார்க்கிங் உண்டு என்றால் எந்த இடம் என்று கைகாட்டச் சொல்லுங்கள்.

மின்சாரத்தைத் தனியே கேட்க வேண்டும். நம் வீட்டுக்கென்று மின்வாரியத்தின் தனி இணைப்பு இருந்தால், இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டாத வரை கட்டணமும் மிதமாகவே வரும். தனி இணைப்பு இல்லாமல், உரிமையாளர் தம் இணைப்பிலிருந்து சப்-மீட்டர் வைத்துக் கொடுத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என்று வாங்குவது இப்பக்கம் சாதாரணம். இரண்டு குடித்தனங்கள் ஒரே இணைப்பில் இருந்தால் 500 யூனிட்டைத் தாண்டிவிடும் என்பது உண்மைதான். அந்தச் சுமையையும், இழந்த இலவச யூனிட்டையும் சுமப்பவர் குடித்தனக்காரர். இரு மாதங்களுக்கு 300 யூனிட் செலவழிக்கும் குடும்பம் ஒன்பது ரூபாய் வீதம் 2,700 ரூபாய் கொடுக்கும். தனி இணைப்பில் அதில் பாதிகூட வராது. தனி மீட்டர் அட்டையின் எண்ணைக் கேட்டு வாங்கி, முந்தைய கட்டணங்களை இணையத்தில் பார்த்து, பாக்கி ஏதுமில்லை என்று உறுதி செய்துகொள்வதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

ஆறாம் படி: புரோக்கர், உரிமையாளர், பேரம்

டு-லெட் பலகைகள் இப்பகுதியில் இன்னும் கேட்டில் தொங்குகின்றன. பெரம்பூர், பெரியார் நகர்ப் பக்கம் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் நடந்தாலே, இணையத்தில் வராத ஐந்தாறு வீடுகள் கண்ணில் படும். ஒரு மாதக் கமிஷனும் மிச்சம். புரோக்கர் வழியாகப் போவதென்றால், கமிஷன் எவ்வளவு, ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மறுபடியும் கேட்பாரா, வீட்டைப் பார்ப்பதற்கே பணம் கேட்பாரா என்பதை வண்டியில் ஏறுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

உரிமையாளர் நம்மைக் கேள்வி கேட்பார். எங்கே வேலை, எத்தனை பேர், சைவமா அசைவமா என்பதில் தொடங்கி, சில இடங்களில் சாதி வரைக்கும் போகும். அந்தக் கடைசிக் கேள்வி கேட்கப்படும் வீட்டிலிருந்து நான் எழுந்து வந்துவிடுவேன். எல்லோராலும் அது முடியாது என்பதும் தெரியும். மற்றக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லிவிடுவது பின்னால் வரும் சச்சரவைத் தவிர்க்கும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள் என்றால் அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மெயின்டனன்ஸ் ஆள் கணக்கில் ஏறும்போது பேச்சு வரும்.

நாமும் சிலவற்றைக் கேட்க வேண்டும். வருமான வரியில் வீட்டு வாடகைப்படிக்குக் கழிவு கோருபவர்கள், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பணமாக மட்டுமே வாங்குவேன், பான் தர மாட்டேன் என்பவரிடம் குடிபோவதால் நமக்கு ஏற்படும் இழப்பு எவ்வளவு என்று பார்த்து, அதை வாடகையில் குறைக்கச் சொல்வதில் தவறில்லை.

லீசுக்கு வரும் வீடுகள்

வடசென்னையில் வாடகைக்கு இணையாக ஓடும் வழக்கம் லீஸ். ஊர்ப்பக்கம் ஒத்தி, போக்கியம் என்பார்கள். பல லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்து, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது. மாதச் சம்பளத்தில் வாடகைச் சுமை இல்லை என்பது பெரிய கவர்ச்சி. பணம் திரும்பி வரும் வரைதான் அந்தக் கவர்ச்சி. இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. உரிமையாளர் அந்த வீட்டின்மேல் வங்கிக் கடன் வாங்கித் தவணை கட்டாமல் விட்டால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்ற வரும். நம் லட்சங்கள் வரிசையில் பின்னால் நிற்கும். மற்றொன்று, வீட்டை மாத வாடகைக்கு எடுத்த இடைத்தரகர் தம்மையே உரிமையாளரின் பிரதிநிதி என்று சொல்லி நமக்கு லீசுக்கு விடுவது. சில மாதங்கள் வாடகை கட்டிவிட்டு அவர் மறைந்தபின்தான் உண்மையான உரிமையாளர் கதவைத் தட்டுவார்.

ஆகவே லீஸ் என்றால் மூன்றைச் செய்யாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது: வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தல், அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லிப் பெயரை உரிமையாளரின் அடையாள அட்டையோடு ஒப்பிடுதல், ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தல். அசல் வங்கியில் இருக்கிறது என்றால் கடன் இருக்கிறது என்று பொருள். பதிவுக்கு மறுப்பவரிடம் நம் சேமிப்பைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

ஏழாம் படி: ஒப்பந்தம்

1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு சட்டமே இப்போது உரிமையாளர், வாடகைதாரர் இருவரையும் கட்டுப்படுத்துகிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு எந்தப் பதிவும் வேண்டாம் என்று புரோக்கர்கள் இன்னமும் சொல்வது, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த பழக்கம். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு அதிலிருந்து வேறானது.

அட்வான்ஸ் பற்றி அச்சட்டம் சொல்வது பலருக்குத் தெரிவதில்லை. ஒப்பந்தத்தில் வேறு விதமாக உடன்பட்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டத்துக்குப் புறம்பு. காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், முறையான கழிவுகள் போக, திருப்பித் தர வேண்டும். "உடன்பட்டிருந்தால் ஒழிய" என்ற சொற்களில்தான் பத்து மாத அட்வான்ஸ் என்ற சென்னை வழக்கம் உயிர்வாழ்கிறது. ஆறு மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு சட்டத்தைக் காட்ட முடியாது. ஆகவே பேரம் அனைத்தும் கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும். எட்டில் தொடங்கும் உரிமையாளர் ஐந்துக்கு வருவார். மூன்றுக்கு வருபவர்களும் உண்டு, குறிப்பாக ஆடியில்.

பழுதுபார்ப்பதை யார் செய்வது என்பதற்கும் சட்டத்தின் அட்டவணையில் பிரிவினை இருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுதல், மின் வயரிங் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்சு, பிளக், தாழ்ப்பாள், பூட்டு, சன்னல் கண்ணாடி, வாஷ்பேசின், கெய்சர் பழுது முதலியவை நம் பொறுப்பு. காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இந்தப் பிரிவினைக்கு முரணானது. என்றாலும் ஒப்பந்தங்களில் அது அச்சடித்தாற்போல் இருக்கும். அதை நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால், "உண்மையான செலவு, இன்ன தொகைக்கு மேற்படாமல்" என்றாவது மாற்றச் சொல்லுங்கள். என் இரண்டாவது வீட்டில் இந்த வரியைக் கவனிக்காமல் கையெழுத்திட்டு, காலி செய்தபோது ஒரு மாத வாடகையை இழந்தேன். அடுத்துக் குடிவந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது, அங்கே ஒரு கோட் சுண்ணாம்புகூட அடிக்கப்படவில்லை.

வாடகை உயர்வு ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்று எண்ணாலும் எழுத்தாலும் இருக்க வேண்டும். "அப்போதைய நிலவரப்படி" என்ற சொற்களை ஏற்கக் கூடாது. காலி செய்ய இரு தரப்பும் எத்தனை மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும், பதினொரு மாதத்துக்குள் நாம் காலி செய்ய நேர்ந்தால் என்ன கழிவு, மெயின்டனன்ஸ் வாடகையில் அடக்கமா தனியா, குடியிருப்போர் சங்கம் லிப்ட் மாற்றவோ வண்ணம் அடிக்கவோ கேட்கும் பெருந்தொகை யார் தலையில் விழும் என்பவையும் எழுத்தில் வேண்டும். உரிமையாளர் வீட்டைப் பார்க்க வருவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும் என்பதும், வாடகைத் தகராற்றைக் காரணம் காட்டித் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்பதும் சட்டத்திலேயே உள்ளன. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் பொருந்தும்.

அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். டோக்கன் அட்வான்ஸ் என்று ஐயாயிரமோ பத்தாயிரமோ முன்னதாகக் கேட்டால், வீடு அமையாவிட்டால் அது திரும்ப வருமா என்பதை ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார் நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே, எந்த முகவரி வீட்டின் வாடகை ஒப்பந்தத்துக்காக என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

எட்டாம் படி: சாவி வாங்கும் நாள்

பால் காய்ச்சுவதற்கு முந்தைய நாள், சாமான்கள் எதுவும் உள்ளே போகாத நிலையில், ஒரு முறை வீட்டுக்குப் போங்கள். வாசற்கதவிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அறையையும் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள்: விரிசல் விட்ட டைல்ஸ், ஆடும் தாழ்ப்பாள், சுவரில் ஏற்கெனவே உள்ள ஆணித் துளைகள், கழிவறையின் காவிக் கோடு. மின் மீட்டரின் அளவு படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். எத்தனை மின்விசிறி, எத்தனை விளக்கு, எத்தனை சாவி என்ற சிறு பட்டியலோடு அவற்றை அன்றிரவே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பார்த்தேன்" என்று ஒரு பதிலை வாங்கிவிடுங்கள். வீட்டின் பூட்டுக்கு இன்னொரு சாவி வெளியே இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பு குடியிருந்தவர்களிடமும் புரோக்கரிடமும் இருந்த சாவிகளை எண்ணிப் பார்த்தபின், இருநூறு முந்நூறு ரூபாயில் பூட்டின் உள்ளுறுப்பை மாற்றிவிடுவதே எனக்கு நிம்மதியாகப் பட்டது.

காஸ் இணைப்பு மாற்றமும் குடும்ப அட்டை முகவரி மாற்றமும் ஒப்பந்த நகலைக் கேட்கும் என்பதால் நான்கைந்து நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்த முதல் நாள் வீடியோவை மட்டும் தொலைபேசியில் விட்டுவிடாமல் வேறோர் இடத்திலும் பத்திரப்படுத்துங்கள். இரண்டாண்டுகள் கழித்துக் காலி செய்யும் நாளன்று, அதே வரிசையில் அதே அறைகளை மீண்டும் வீடியோ எடுத்து, இரண்டையும் உரிமையாளர் முன்னால் ஓட்டிக் காட்டிவிட்டு, சாவியைக் கொடுத்ததற்கும் அட்வான்ஸில் கழித்தது போக எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வரவேண்டும் என்பதற்கும் அவர் கையெழுத்தை ஒரே தாளில் வாங்கிக்கொண்டு கீழே இறங்குங்கள்.